தங்கச்சியின் காருக்கு நாலு டயர்

என் தங்கச்சி நாற்பத்தாறு வயதில்தான் கார் ஓடப் பழகினாள். கனடாவில் ஒரு சின்ன நகரத்தில், வயது போனவர்களைப் பராமரிக்கிற இல்லம் ஒன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை. விடிய ஏழு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். பதினொரு வருடமாக இரண்டு பஸ் மாறித்தான் போய்வந்தாள். ஓட்டுநர் பரீட்சையில் மூன்று தரம் தவறி, நாலாம் தரம் சித்தியடைந்த அன்று எனக்கு வீடியோவில் அழைத்து, சின்ன லைசன்ஸ் அட்டையைத் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டே இருந்தாள். அட்டைக்குப் பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு கிழமையில் பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டாள். சாம்பல் நிறம், நாலு கதவு.

நான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில், கரம்பொனில் இருக்கிறேன். வாடகை வான் ஓடுகிறேன். குறிகட்டுவான் துறையில் படகால் இறங்குகிறவர்களை யாழ்ப்பாணத்துக்கோ ஊர்காவற்றுறைக்கோ அவர்கள் கேட்கிற இடத்துக்கோ கொண்டுபோய் விடுவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகிறது. ஆகையால் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது சில்லு, டயர், பிரேக் பற்றிச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கும் அது பிடிக்கும்.

கார் வாங்கி இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நான் துறையில் கடைசிப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு அங்கே காலை. அழைத்தாள்.

"அண்ணை, விண்டர் டயர் போடவேணுமாம்."

"இருக்கிற டயர் தேய்ஞ்சு போச்சோ?"

"இல்லை, புதுசு மாதிரித்தான் இருக்கு. ஆனா பனிக்கு உது சரிவராதாம். உதைக் கழட்டி வச்சிட்டு வேற போடவேணுமாம். பனி முடிய, திருப்பி உதைப் போடுறதாம்."

எங்கள் பக்கத்தில் கம்பி தெரிகிற வரைக்கும் டயர் ஓடும். தெரிந்த பிறகும் கொஞ்சத் தூரம் ஓடும். நல்ல டயரைக் கழற்றி ஒரு மூலையில் வைத்துவிட்டு இன்னொரு டயர் வாங்குவது என்பது எனக்குச் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு மறுபடி உலை வைப்பது போல இருந்தது.

"உன்னை ஆரோ பேய்க்காட்டுறாங்கள்," என்றேன்.

"மனேஜர், பக்கத்து வீட்டுக்காரி, பஸ் றைவர், எல்லாரும் சேர்ந்தோ அண்ணை பேய்க்காட்டுவினம்?"

பேச்சைச் சில்லுக்குத் திருப்பினேன்.

"உன்ர கார் எந்தச் சில்லில இழுக்கிறது?"

"முன்சில்லில."

"அப்ப முன்னுக்கு ரெண்டு போட்டாக் காணும். பின்சில்லு சும்மா உருண்டு வாறதுதானே. அதுக்கு ஏன் வீணா?"

"ஓமண்ணை," என்றாள். அவள் "ஓமண்ணை" சொன்ன விதத்தில் ஒரு முழு நம்பிக்கை இருந்தது. படகு வந்தது, ஆட்களை ஏற்றினேன், வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் பனியைக் கண்டதே இல்லை.

எனக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழியில் விடியப்புறம் வானின் கண்ணாடியில் படிகிற ஈரம். அதற்கு மேல் தெரிந்தது, ஊர்காவற்றுறையில் மீன்பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸ். இந்த அறிவை வைத்துக்கொண்டு தங்கச்சிக்கு இரண்டு டயர் போதும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அன்று தொடக்கம் கைத்தொலைபேசியில் பனி டயர் பற்றித் தேடித் தேடி வாசித்தேன், வீடியோக்கள் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: குளிர் கூடினால் சாதாரண டயரின் இறப்பர் இறுகிவிடும், பிறகு அது ஐஸில் பிடிக்காது, பனி டயரின் இறப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும்.

நான் இதை நம்பவில்லை. இறப்பர் இறப்பர்தானே? வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய வான் டயரில் ஒரு துண்டு வெட்டினேன். என் மனைவியின் அறுந்த இறப்பர் செருப்பிலும் ஒரு துண்டு வெட்டினேன். இரண்டையும் குளிர்ப்பெட்டியில் ஐஸ் கட்டுகிற தட்டுக்குள் வைத்தேன். அடுத்த நாள் காலை குசினியிலிருந்து அவளுடைய குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ! மீனுக்குப் பக்கத்தில என்ன இது?"

"டயர்."

"அது தெரியுது. ஏன் டயர்?"

"தங்கச்சிக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மச்சாளுக்கு உதையோ பார்சல் பண்ணப் போறியள்?"

நான் விளங்கப்படுத்தினேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, இரண்டு துண்டையும் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தாள். டயர்த் துண்டு காய்ந்த பனம்மட்டை போல விறைத்து நின்றது. செருப்புத் துண்டு கொஞ்சம் சுணங்கினாலும் வளைந்தது. ஒரு கிண்ணத்தில் உறைந்த ஐஸைக் கவிழ்த்து வைத்து, இரண்டையும் அதன்மேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தோம். டயர் வழுக்கிக்கொண்டு போனது. செருப்பு நின்று நின்று போனது.

"செருப்புப் பிடிக்குது," என்றாள் அவள். பிறகு ஒரு நிமிடம் கழித்து, "இன்னொருக்காத் தாங்கோ, நான் தேய்ச்சுப் பாக்கிறன்," என்றாள். அன்று மீன்குழம்பு கொதிக்கப் பிந்திவிட்டது.

அதன்பிறகு நான் தங்கச்சியிடம் பேசுகிற போதெல்லாம், டயர் எடுத்தாயா என்று கேட்பேன். "இன்னும் யோசிக்கிறன் அண்ணை," என்பாள். சரி, அவள் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாரி பிடித்துவிட்டது. ஒரு நாள் காலை முழுக்க மழை. பின்னேரம் விட்டிருந்தது. நயினாதீவுக் கோயிலுக்குப் போய்த் திரும்பிய நாலு பெண்கள் துறையில் என் வானில் ஏறினார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள்தான், ஆனால் அவர்களில் மூத்தவருக்குப் புங்குடுதீவில் ஒரு சொந்தக்காரர் வீடு; ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்றார். வீடு ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. அந்த ஒழுங்கை மழையில் ஊறிக் களியாகிக் கிடந்தது. எனக்குப் பயமில்லை. போன மாதம்தான் வானுக்கு முன்னால் இரண்டு புது டயர் போட்டிருந்தேன். பின்னால் இருந்தவை பழையவை, கொஞ்சம் மொட்டை.

வளைவில் ஒரு மாடு நின்றது. பிரேக்கில் காலை வைத்தேன். முன்பக்கம் சொன்னபடி கேட்டது. பின்பக்கம் கேட்கவில்லை. யாரோ வானின் வாலைப் பிடித்துத் தள்ளினது போல அது மெதுவாக, மிக மரியாதையாக, சுற்றிக்கொண்டு வந்தது. நான் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வான் நின்றபோது, நாங்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேலியில் படவில்லை, மாட்டிலும் படவில்லை. மாடு அசையவே இல்லை, அசை போட்டுக்கொண்டு நின்றது.

மடியில் பிரசாதப் பையை வைத்திருந்த அந்த மூத்த பெண் கேட்டார்:

"என்ன தம்பி, அங்க போகேல்லையே? திரும்பிட்டீர்?"

மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில் வான் ஆடியது. நானும் சிரித்தேன். இறங்கிப்போய்ப் பார்த்தேன். களியில் முன்டயர்களின் பூப்போட்ட தடம் அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தது. பின்டயர்கள் வந்த இடம் மெழுகின நிலம் போல வழித்துக் கிடந்தது. குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சியின் காருக்கு முன்னால் மட்டும் மெத்தென்ற டயர் போட்டால் இதேதான் நடக்கும். ஆனால் அங்கே களி இருக்காது, ஐஸ் இருக்கும். அங்கே மாட்டுக்குப் பதில் பாரவூர்தி வரும்.

அந்தப் பெண்களிடம் இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டு, அதிலேயே நின்று அவளுக்கு அழைத்தேன். அங்கே விடியப்புறம், வேலைக்கு வெளிக்கிட முன்னம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள்.

"டயர் ஓடர் பண்ணிட்டியோ?"

"ஏனண்ணை இந்த நேரத்தில?"

"நாலும் போடவேணும். நான் உனக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். ரெண்டு போட்டா பின்பக்கம் சுத்தும். இப்பதான் என்ர வான் சுத்தினது."

"ஐயோ, உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

"எனக்கொண்டுமில்லை. நாலு. கேட்டதோ? நாலு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அண்ணை, நான் போன கிழமை கடைக்குப் போய் ரெண்டு கேட்டனான். அவன் ரெண்டு தரமாட்டன் எண்டிட்டான். என்ர அண்ணை சொன்னவர் எண்டன். உன்ர அண்ணை நேர வந்து கேட்டாலும் நாலுதான் எண்டவன்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் டயரைக் குளிர்ப்பெட்டிக்குள்ள வச்சு வளைச்சுப் பாக்கிறியள் எண்டு மச்சாள் சொன்னவ. அவ்வளவு பாடுபடுற மனுசனிட்ட நான் என்னண்டு சொல்லுறது, நீங்கள் சொன்னது பிழையாம் எண்டு?"

களிக்குள் செருப்புப் புதைய நின்று நான் சிரித்தேன். நாலு பெண்களும் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை என்பது முடிந்தது. எது என்பதுதான் மிச்சம். கடைக்காரன் மூன்று வகை காட்டியிருந்தான். ஒன்று, ஆணி பதித்தது. இரண்டாவது, ஆணியில்லாத மெத்தென்ற பனி டயர். மூன்றாவது, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம் என்று அவன் சொன்ன ஒன்று. தங்கச்சி மூன்றையும் படம் எடுத்து அனுப்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் கதிரைகளை முற்றத்தில் போட்டுக்கொண்டு இருந்தோம். வீடியோவில் அந்தப் பக்கம் தங்கச்சியும் அவள் புருஷனும். என் மச்சான் நல்ல மனிதர், ஒரு களஞ்சியத்தில் வேலை. பனி விழுந்தால் அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

"நீங்கள் எதைச் சொல்லுறியள் மச்சான்?" என்று அவரைக் கேட்டேன்.

"நான் பஸ்ஸைச் சொல்லுறன்," என்றார்.

வானுக்கு ஆட்கள் வந்தால் எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று கேட்டுத்தான் வழியை யோசிப்பேன். அதே மாதிரி அவளிடம் கேட்டேன். "நீ போற நேரம் றோட்டில பனி வழிச்சிருப்பாங்களோ?"

"பெரிய றோட்டில வழிச்சு, உப்பும் போட்டிருப்பாங்கள். எங்கட சின்ன றோட்டில பிந்தித்தான் வருவாங்கள்."

"ஏத்தம் இறக்கம் இருக்கோ?"

"ஒரு இறக்கம். இறங்கினவுடன சிக்னல்."

"பனி எப்பிடி இருக்கும்?"

"அது ஒரு மாதிரியில்லை அண்ணை. புதுசா விழுந்தது மா மாதிரி, மிதிச்சா நறநறக்கும். கார் ஓடி ஓடி இறுகினது சீமெந்து மாதிரி மினுங்கும். எல்லாத்திலயும் மோசம் கண்ணுக்குத் தெரியாதது. றோட்டு மாதிரியே கறுப்பாக் கிடக்கும், கால் வச்சாத்தான் ஐஸ் எண்டு தெரியும். பஸ் நிப்பாட்டில நான் எத்தனை தரம் விழுந்தனான்."

பதினொரு வருடமாக அவள் என்னோடு தொலைபேசியில் பேசுகிறாள். விழுந்ததை ஒரு தரமும் சொல்லவில்லை. மனைவி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, டயர்ப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினாள்.

"இதில ஒரு மலை கீறியிருக்கு. மூண்டு முனை. நடுவில ஒரு நட்சத்திரம்," என்றாள்.

"அது நட்சத்திரமில்லை, பனிப்பூ. அந்த அடையாளம் இருந்தாத்தான் உண்மையான பனி டயர்."

"அப்ப அந்த மூண்டாவதில மலையைக் காணேல்லையே. ரெண்டு எழுத்து மட்டும்தான் கிடக்கு."

நான் வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. வருடம் முழுக்க ஓடுகிற அந்த டயர் அதோடு கழிந்தது. ஆணி பதித்தது, வழித்து உப்புப் போட்ட வெறும் றோட்டில் சத்தம் போடும், அவளுடைய பாதைக்கு அவ்வளவு தேவையும் இல்லை. இரண்டாவதை எடு என்றேன். "ஓமண்ணை," என்றாள். அந்தத் தரம் அந்தச் சொல்லுக்கு நான் தகுதியானவன் என்று பட்டது.

டயர் பூட்டுகிற அன்று காலை அவள் கடையிலிருந்தே அழைத்தாள். எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். டயர்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வருடத்தின் எத்தனையாவது கிழமையில் செய்தது, கடைசி இரண்டும் எந்த வருடம் என்று சொல்லும். இது எங்கள் ஊர் டயருக்கும் உண்டு. முதல் மூன்று டயரும் அந்த வருடம் செய்தவை. நாலாவதை அவள் வாசித்தபோது நான் நிறுத்தினேன்.

"திருப்பி வாசி."

வாசித்தாள். அது நாலு வருடம் பழையது.

"உதை மாத்தித் தரச் சொல்லு."

கடைக்காரன் பக்கத்தில் நின்றிருக்கிறான். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டான். அவள் சொன்னாள், என் அண்ணன், ஒரு தீவில் இருக்கிறார் என்று. அங்கே நிறையப் பனி விழுமா என்று கேட்டான். விழாது என்றாள். அவன் குனிந்து தொலைபேசிக்குள் என்னைப் பார்த்தான். நான் சாரத்தோடு, மேலில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, கடிக்கிற நுளம்பை அடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் ஒரு வாழை. பழைய டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தான். பூட்டி முடித்த பிறகு, கையைத் துடைத்துவிட்டு, திரையைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினான். நானும் காட்டினேன். மனைவியும் காட்டினாள்.

பனி விழ மேலும் மூன்று கிழமை ஆனது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் துறையில் தேத்தண்ணிக் கடையில் படகுக்காக இருந்தேன். அழைப்பை எடுத்தால் திரை முழுக்க வெள்ளை. தொலைபேசி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அந்த வெள்ளைக்குள் ஒரு சாம்பல் நிறக் காரின் மூக்கு தெரிந்தது.

"அண்ணை, பாருங்கோ!" தங்கச்சியின் குரல். ஓடுகிறவள் அவள். பின்னால் இருந்து தொலைபேசியைப் பிடித்திருந்தது, ஏறவே மாட்டேன் என்ற மச்சான்.

கடைக்கார அண்ணை எட்டிப் பார்த்தார். படகுக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். ஐந்தாறு தலைகள் சேர்ந்துவிட்டன. மரம், மதில், குப்பைத் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளைத் தொப்பி. அவள் வெறுமையாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூட வாகனத் தரிப்பிடத்துக்குள் காரைத் திருப்பினாள்.

"இப்ப பிரேக் பிடிக்கப் போறன்."

"மெல்லமா முதல்," என்றேன்.

மெல்லமாகப் பிடித்தாள். கார் நின்றது. இன்னும் கொஞ்சம் வேகமாக வந்து பிடித்தாள். அடியில் கிறுகிறு என்று ஒரு சத்தம், பின்னால் "முருகா" என்று ஒரு சத்தம், கார் நேராக, கொஞ்சமும் வாலை ஆட்டாமல், நின்றது. தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். மற்றப் பக்கத்தில் அவளும் கத்தினாள்.

"என்னப்பா, வழுக்கேல்ல?" என்றார் ஒரு படகுக்காரர், ஏமாந்தவர் போல.

"வழுக்காமலிருக்கத்தானே அண்ணை இவ்வளவு பாடும்," என்றேன்.

மச்சானின் குரல் மெதுவாக வந்தது. "இன்னொருக்காப் பிடியும் பாப்பம்."

அவள் சுற்றிச் சுற்றி ஓடினாள். படகு துறைக்குள் வந்து, ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். நான் எழும்பவேண்டும். "அண்ணை, நீங்கள் போங்கோ, நான் இன்னும் ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுப் போறன்," என்றாள். அன்று வானில் ஏறிய ஒரு ஐயா, "தம்பிக்கு இண்டைக்கு நல்ல சந்தோஷம் போல," என்றார். என்னுடைய தங்கச்சி பனியில் கார் ஓடுகிறாள் என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. நல்லது, நல்லது என்றார்.

அந்த டயர்களுக்கு இது மூன்றாவது பனிக்காலம். மச்சான் பஸ்ஸை விட்டு இரண்டு வருடமாகிறது. இப்போது அவருக்கு வேறொரு வேலை பிடித்துவிட்டது. பனி விழுகிற நாட்களில் காலையில் வாசலில் எவ்வளவு பனி என்று அளக்க ஒரு அடிமட்டத்தைக் குத்தி, படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். படத்தோடு ஒரு வார்த்தையும் இருக்காது. நான் அதை வானில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். நேற்று வந்த படத்தில் வெள்ளை மட்டும்தான் இருந்தது, அடிமட்டத்தைக் காணவில்லை. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினாள்.